கேசரித் தட்டும் வியன்னா டாக்டரும்

எந்தப் படிப்பையும் முழுசாகப் படித்தவர்களால் ஊருக்கு ஆபத்து இல்லை. முதல் செமஸ்டர் முடித்தவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் எம்.ஏ. உளவியலில் முதல் செமஸ்டர் முடித்திருந்த சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அந்த செமஸ்டரில் வியன்னா டாக்டர் ஒருவரின் கொள்கை பாடமாக இருந்தது. மனிதனின் குணமெல்லாம் முதல் ஐந்தாறு வயதுக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. பால் மறக்கடிப்பதிலோ கழிப்பறைப் பழக்கம் சொல்லிக்கொடுப்பதிலோ பெற்றோர் கெடுபிடி செய்தால் பிள்ளை அந்தப் பருவத்திலேயே பாதி மாட்டிக்கொண்டுவிடும்; பாலில் மாட்டியது வளர்ந்த பிறகும் எதையாவது கடிக்கும், கழிப்பறையில் மாட்டியது எதையும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டே இருக்கும் என்பது அதன் சாரம். பரீட்சைக்கு இவ்வளவு போதும். நான் அதோடு விடவில்லை. பேனா மூடியைக் கடிக்கும் அப்பா வாய்ப் பருவத்தைத் தாண்டவில்லை என்றும், பருப்பு டப்பாவுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டும் அம்மா அதற்கடுத்த பருவத்தில் நிற்கிறாள் என்றும் எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டுக்குள் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தேன். (அடுத்த பருவம் எது என்று அம்மா கேட்டாள். சொன்னேன். அன்று எனக்குக் காபி கிடைக்கவில்லை.)

பையன் பேர் ரகு. தரமணியில் வேலை, அடையாறில் வீடு. அவனும் அவன் அம்மாவும் மாமாவும் வந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றியவன் உடனே உள்ளே வரவில்லை. குனிந்து, வாசலில் சிதறிக் கிடந்த எங்கள் வீட்டுச் செருப்புகளையும் சேர்த்து ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டு வந்தான். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது. ஒளிப்பானேன்? முன்னால் வந்துபோன பையன்கள் யாரைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இவன் வேண்டும் என்று தோன்றியது.

கேசரி, பஜ்ஜி கொடுத்தாயிற்று. வழக்கமாக இந்த இடத்தில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். என் குரல்வளத்தை நன்கு அறிந்த அம்மா முந்திக்கொண்டாள்.

"பாட்டெல்லாம் கத்துக்கலை. சைகாலஜி படிக்கறா."

ரகுவின் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா! அப்போ ஆளைப் பாத்தே எல்லாம் சொல்லிடுவியா? எங்க பிள்ளையாண்டானைப் பத்திச் சொல்லு, பாப்போம்."

புத்தியுள்ள பெண் என்றால் "அப்படியெல்லாம் இல்லை மாமா" என்று சிரித்து மழுப்பியிருப்பாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். (அதற்குப் பாடியே தொலைத்திருக்கலாம்.)

"இவர் ரொம்ப ஒழுங்கு. செருப்பைக்கூட வரிசையா வெச்சார்" என்று ஆரம்பித்து, ரகுவின் அம்மா பக்கம் திரும்பினேன். "அப்படின்னா, குழந்தைல டாய்லெட் பழக்கம் சொல்லித் தரச்சே இவரை ரொம்ப மிரட்டியிருப்பேள் மாமி."

மாமாவின் பஜ்ஜி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"நானா? இவனையா?" என்றார் மாமி. "மூணு வயசு வரைக்கும் இவன் எந்த மூலைல போய் வெச்சிருக்கான்னு தேடித் தேடித் தொடைச்சிண்டிருந்தேன். ஒரு அதட்டல் போட்டதில்லை!"

"அம்மா!" என்றான் ரகு.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாடத்தில் இன்னொரு அத்தியாயம் பாக்கி இருந்தது.

"உங்களுக்கு ஞாபகம் இருக்காது மாமி. வேண்டாததையெல்லாம் மனசு உள்ளே தள்ளிப் பூட்டிடும். நீங்க இவ்வளவு அழுத்தமா மறுக்கறதே அதுக்கு அத்தாட்சி."

(அந்தக் கொள்கையில் இது ஒரு சௌகரியம். ஆமாம் என்றாலும் ஆமாம், இல்லை என்றாலும் ஆமாம்.)

மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "கலந்து பேசிட்டு ஃபோன் பண்றோம்" என்றார். மயிலாப்பூர் முழுக்க இதற்கு ஒரே அர்த்தம்தான்.

வாசலில் ரகு செருப்புப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். எட்டிப் பார்த்தேன். இடது செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. அதை அப்பாவின் செருப்புகளுக்குப் பின்னால் மறைக்கத்தான் அத்தனையையும் நகர்த்தி அடுக்கியிருக்கிறான். நான் ஊக்கைப் பார்த்துவிட்டதைக் கண்டு சிரித்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டே படி இறங்கினான். ஒழுங்கானவன் இல்லை என்று தெரிந்தும் எனக்கு அவனைப் பிடித்துத்தான் இருந்தது. உள்ளே போய் அழுதேன்.

மறுநாள் காலையில் ரகுவின் அம்மாவிடமிருந்து ஃபோன். வேண்டாம் என்று சொல்லத்தான் என்று நினைத்து அம்மா பயந்துகொண்டே எடுத்தாள்.

"உங்க பொண்ணை அழைச்சிண்டு எங்காத்துக்கு வாங்கோ. அவகிட்ட ஒண்ணு காட்டணும்."

அடையாறுக்குப் போனோம். மாமி உட்காரக்கூடச் சொல்லவில்லை. நேராக ரகுவின் அறைக்கு அழைத்துப்போய்த் துணி அலமாரியைத் திறந்தார். சட்டைகள் சரிந்து என் காலில் விழுந்தன. பின்னாலேயே ஒயர்கள், ஒற்றை ஒற்றையாக சாக்ஸ், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், காணாமல் போனதாக மாமி ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த டிபன் பாக்ஸ்.

"அம்மா, கல்யாணப் பேச்சு நடக்கறது. தயவுபண்ணி மூடேன்" என்று கெஞ்சினான் ரகு.

"நீ சும்மா இரு" என்றவர் என்னிடம் திரும்பினார். "நன்னாப் பாத்துக்கோ. மிரட்டி வளர்த்த பிள்ளையோட அலமாரியா இது?"

"இல்லை மாமி. செல்லமாத்தான் வளர்த்திருக்கேள்."

"சத்தமாச் சொல்லு. உங்கம்மாவுக்கும் கேக்கட்டும்."

சத்தமாகச் சொன்னேன். மாமியின் முகம் தெளிந்தது. அப்புறம்தான் காபி வந்தது. காபியோடு முகூர்த்தம் பற்றிய பேச்சும் வந்தது.

இப்போது அந்த அலமாரி இருக்கும் வீட்டில்தான் நான் இருக்கிறேன். வியன்னா டாக்டரை எப்போதோ தலைமுழுகியாயிற்று. அலமாரியைத்தான் தலைமுழுக முடியவில்லை. ரகு ஈரத் துண்டைப் படுக்கையில் போடும்போதும், வண்டிச் சாவி அரிசி டப்பாவுக்குள் அகப்படும்போதும் "இப்படியாம்மா பிள்ளையை வளர்ப்பேள்?" என்று மாமியாரிடம் பாய்வேன்.

அவர் கையில் இருக்கிற வேலையை விட்டு நிமிரக்கூட மாட்டார்.

"தொறந்து காட்டினேன். பாத்துட்டுத்தானே சரின்னே? ஞாபகம் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதே. மறுக்கறதே அத்தாட்சி."