இடப்பக்கமாகத் தள்ளும் சக்தி

மாஸ்டர் 'ஹா' என்று கத்திக் கையைத் தூக்கினால் போதும், பத்தடி தள்ளி நிற்பவர் பொத்தென்று விழுவார். தொட வேண்டியதே இல்லை. சீனத்துக் குகையில் ஏழு வருடம் மூச்சடக்கிச் சேர்த்த உள்சக்தியாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. முழங்கால் வலிக்காரர், மூச்சிரைப்புக்காரர், வேலை கிடைக்காதவர், மருமகளோடு ஒத்துப்போகாதவர், எல்லோருக்கும் இது ஒன்றே மருந்து. மருமகளை எப்படித் தள்ளுவது என்று மட்டும் மாஸ்டர் இன்னும் சொல்லித் தரவில்லை.

இந்தக் கூட்டத்துக்கு வெள்ளைச் சீருடை தைப்பவள் பக்கத்துத் தெருத் தையல்காரி. அவள் கணவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், சர்க்கரை நோயாளி. "மாத்திரையை விடாதீங்க, கூடவே தாய்ச்சி பழகுங்க" என்று அனுப்பி வைத்ததே டாக்டர்தான். மாஸ்டரின் கூடத்தில் அந்தச் சீன உடற்பயிற்சியை மெதுவாகக் கை வீசி, மெதுவாகக் கால் மாற்றிப் பழகி, மூன்றே மாதத்தில் மாடிப்படியைக் கைப்பிடி தொடாமல் ஏறினார் மனிதர். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"சக்தி ஊறின உடம்புக்கு மாத்திரை விஷம்" என்றார் மாஸ்டர். மாத்திரை குப்பைக்கூடைக்குப் போனது. கால் கட்டைவிரலில் பட்ட சின்னக் காயம் மூன்று வாரமாக ஆறவில்லை.

"ஏங்க, புண்ணு கறுத்துக்கிட்டு வருது. மாத்திரை போட்டுக்குங்க."

"உனக்கு என்ன தெரியும்? போன வாரம் மாஸ்டர் தள்ளி நானே விழுந்தேன்!"

"ஏன் விழுந்தீங்க?"

"ஏன்னா... எல்லாரும் விழுந்தாங்க."

இந்த மனிதர் காலை இழந்துவிட்டுத்தான் கண் திறப்பாரோ என்று தையல்காரி பயந்தாள்.

அன்று மதியம் எட்டுச் சீருடைகள் கிழிசல் தைக்க வந்தன. அதில் ஒன்று அவள் கணவருடையது. எட்டிலும் இடது இடுப்பில்தான் கிழிசல். வலது பக்கம் ஒரு நூல்கூட அசையவில்லை. கூடத்தில் மெத்தை விரித்திருப்பதும் இடது பக்கம் மட்டும்தான். எதிரே நின்று தள்ளுகிற சக்தி, பின்னால் தள்ளாமல் மெத்தை இருக்கும் இடம் பார்த்துத் தள்ளுகிறது! எவ்வளவு இரக்கமுள்ள சக்தி.

ஞாயிற்றுக்கிழமை தடித்த திரைத்துணி ஒன்றோடு கூடத்துக்குப் போனாள்.

"மாஸ்டர், உங்க சக்தி சுவரைக்கூடத் துளைக்குமாமே?"

"மலையையே துளைக்கும்மா."

"மலைக்கு நான் எங்க போவேன்? என்கிட்ட துணிதான் இருக்கு."

கூட்டம் சிரித்தது. மாஸ்டரும் சிரித்துத் தொலைக்க வேண்டியதாயிற்று.

"'ஹா'ன்னு கத்தாம தள்ளுங்க மாஸ்டர். சத்தத்துல துணி கிழிஞ்சிடப் போகுது."

கூடத்தின் நடுவே திரை கட்டினாள். ஒரு பக்கம் மாஸ்டர், மறு பக்கம் அவள் கணவரும் சேர்த்து அந்தக் கிழிசல் சீருடைக்காரர்கள் எட்டுப் பேர். ஓரத்தில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு இரண்டு பக்கமும் தெரியும். எட்டுப் பேருக்குத் துணி மட்டும்தான் தெரியும்.

மாஸ்டர் ஒரு கையால் தள்ளினார். இரு கையாலும் தள்ளினார். எகிறிக் குதித்துத் தள்ளினார். எட்டுப் பேரும் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றார்கள். மாஸ்டருக்கு வேர்த்துக் கொட்டியது. நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் ஒருவர் 'ஹச்' என்று தும்மினார்.

எட்டுப் பேரும் பொத்தென்று விழுந்தார்கள். இடது பக்கம்.

தையல்காரி திரையை இழுத்தாள். மெத்தையில் கிடந்த ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டரின் வாயில் பாட்டில்.

"மாஸ்டர்... நீங்க தள்ளலையா?"

மாஸ்டருக்குப் புரையேறியது. "அது... துணியில நைலான் கலந்திருக்கு. சக்தி சிக்கிக்கிச்சு."

"சுத்தப் பருத்திங்க" என்றாள் தையல்காரி.

ஓட்டுநர் யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். தாய்ச்சி பழகிய கால் அல்லவா, அது பொய் சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட போலாம், வா" என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். மாஸ்டரைக் காணோம். தும்மியவரைச் சுற்றிப் பத்துப் பேர் கைகட்டி நின்றார்கள்.

"ஐயா, நீங்க எந்தக் குகையில பழகினீங்க?"

விழுவதற்கு ஆள் தயாராக இருந்தால், தள்ளுவதற்கு ஒரு தும்மல் போதும். அடுத்த முறை விழுவதற்கு முன், தள்ளியது யார் என்று ஒரு தரம் பார்த்துவிட்டு விழுங்கள்.