பல்பொடிக்காரர் ஊன்றிய விழுது

தாம்பரத்தில் அடுத்தவர் வாயைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட மனிதர் வேறு யாரும் கிடையாது. பல் டாக்டர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் தெருவில் அவருக்குப் பல்பொடிக்காரர் என்று பெயர். பல்பொடி விற்றவர் அல்ல. ரயில்வே ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர். காலையில் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம், "பல் தேய்ச்சாச்சா?" என்பார். இல்லையென்றால் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் வரும். ஆச்சு என்றால், "எதுல?" என்று அடுத்த கேள்வி வரும்.

எல்லாம் அவர் வீட்டு வாசலில் நின்ற ஆலமரத்தால். கல்யாணமாகி இங்கே குடிவந்த புதிதில் அவர் மனைவி ஒரு கிளையை ஒடித்துப் போத்தாக நட்டு வளர்ந்த மரம் அது. அறுபதுகளின் கடைசியில் நான் அந்தத் தெருவுக்கு வாடகைக்கு வந்தபோது, அதன் ஒரு கிளை தெருவைத் தாண்டி, எதிரே பாய் வைத்திருந்த சைக்கிள் கடை வரை நீண்டிருந்தது. அந்த அம்மாள் காசநோயில் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அவருக்குத் தெரிந்த உலகம் அந்தக் கிளை மட்டும்தான்.

அந்தக் கிளைக்குத்தான் முனிசிபாலிட்டி ஓவர்சியர் நாள் குறித்தார். "இவ்ளோ பாரம் தாங்காது சார். ஒரு விழுதாவது தரையில ஊனினா விட்டுடலாம். அடுத்த வருஷ மழைக்குள்ள ஊனலைன்னா வெட்டிடுவோம்."

விழுது இறங்குவதில் என்ன கஷ்டம் என்பீர்கள். இறங்கும், கைக்கு எட்டும் உயரம் வரை. அதற்குமேல் காலை ரயிலுக்கு ஓடுகிறவர்கள் நுனியை ஒடித்து வாயில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆலம்விழுதில் தேய்த்தால் பல் சாகும்வரை ஆடாது என்று நம்பிய தெரு அது. அதற்குத்தான் இலவசப் பல்பொடி. ஒருமுறை விழுதை மென்றபடி ஓடிய ஒருவரைத் துரத்திக்கொண்டு எலெக்ட்ரிக் ரயிலிலேயே ஏறி, குரோம்பேட்டையில் பிடித்து, மீதிக் குச்சியை வாங்கிக்கொண்டு திரும்பினார். ஒட்டவைக்கப் போகிறீர்களா என்று சிரித்தோம்.

"உங்க விரலை ஒடிச்சுட்டுப் போனா, நீங்க சும்மா விட்டுடுவீங்களா?" என்றார்.

பிறகு மூங்கிலைப் பிளந்து, கணுக்களைத் தட்டிவிட்டு, உள்ளே மண்ணும் மக்கிய சாணமும் அடைத்து, ஒரு விழுதை நடுவில் விட்டுத் தரைவரை கட்டினார். இறுக்கிக் கட்டப் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் கொடுத்தது பாய்.

"இன்னா சார், மரத்துக்கு பேண்ட் போட்டுகினு கீறீங்க? இன்னொரு காலு எப்போ?"

"முதல்ல இது ஊனட்டும் பாய்."

தினமும் ஸ்டூலில் ஏறி மேலிருந்து தண்ணீர் ஊற்றுவார். ஒன்று தவறினால் இன்னொன்று வேண்டுமென்று மற்ற விழுதுகளுக்கும் பல்பொடிக் காவல் தொடர்ந்தது. "அந்தக் கிளை போறதுக்குள்ள நான் போயிடணும்ங்க" என்று ஜன்னலிலிருந்து குரல் வரும். "ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்று மரத்தையும் சேர்த்து அதட்டுவார்.

அவர் அதட்டலை மரம் மட்டும்தான் கேட்டது. வெயில் காலத்தில் அந்த அம்மாள் போய்விட்டார். திருநெல்வேலியிலிருந்து உறவுக்காரர்கள் காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். அழுது ஓய்ந்ததும் பல் தேய்க்க வேண்டுமே. வாசலிலேயே ஆலமரம். ஒருவர் கையைத் தூக்கினார்.

உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பல்பொடிக்காரர் எழுந்தார். மயங்கி விழப்போகிறார் என்று பிடிக்கப் போனோம். எங்களை உதறிவிட்டு, அலமாரியிலிருந்து பொட்டலங்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்து ஒவ்வொருவருக்காகக் கொடுக்க ஆரம்பித்தார்.

அந்த அம்மாளின் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ள என் தங்கச்சி கிடக்கா, உமக்குப் பல்பொடியா மாப்பிள?"

"அவ இத்தன நாளா பாத்துக்கிட்டுக் கெடந்தது இந்தக் கிளையைத்தான் மச்சான்." சொல்லிக்கொண்டே அடுத்த பொட்டலத்தை நீட்டினார்.

அண்ணனும் ஒரு பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். வாயெல்லாம் ரோஸ் நிறப் பொடியோடு ஒரு கூட்டமே நின்று அழுததை அன்றுதான் பார்த்தேன். சிரிக்க வேண்டிய காட்சி. என்னால் முடியவில்லை.

மழைக்கு முன் சொன்னபடியே ஓவர்சியர் அரிவாள் ஆட்களோடு வந்தார். பாய் டியூப் கட்டுகளை அறுத்தார். மூங்கில் விலகியது, மண் உதிர்ந்தது. உள்ளே கட்டைவிரல் பருமனில் விழுது விறைப்பாகத் தரைக்குள் இறங்கியிருந்தது. ஓவர்சியர் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். "ஊனிடுச்சு சார்" என்று சொல்லி ஆட்களோடு போய்விட்டார். பல்பொடிக்காரர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அங்கே கட்டில் கூட இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு, மூங்கில் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

சில வருஷங்கள் கழித்து அவரும் போனார். அதற்குள் விழுது தூணாகிவிட்டிருந்தது. அன்று காலை நான் போனபோது வாசலில் பாய் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. கையில் பொட்டலங்கள்.

"இன்னா சார், பல் தேச்சாச்சா?"

பேஸ்ட் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். "இன்னும் இல்லை பாய்" என்று கையை நீட்டினேன்.