மூலவியாதியும் ரகசியச் சொல்லும்

எனக்கு வந்த பெரிய யோசனைகள் எல்லாம் எதையாவது தின்னும்போது வந்தவைதான். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், அஸ்தம்பட்டியில் கடலை தின்றுவிட்டுப் பொட்டலத் தாளைப் பிரித்துப் பார்த்தேன். நான் வேலை பார்த்த கிளினிக்கின் சீட்டு! எதிர்வீட்டு வாத்தியாரின் மூலவியாதி, முழு விவரத்தோடு.

நான் பி.எஸ்ஸி. படித்தவள், ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்தவள் (அதில் நாலு மாதம் கரண்ட் இல்லை). சும்மா இருப்பேனா? டாக்டரை நச்சரித்துக் கம்ப்யூட்டர் வாங்க வைத்தேன். எல்லா நோயாளிகளின் விவரத்தையும் அதில் ஏற்றினேன். பழைய சீட்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டேன். ரகசியச் சொல் ஒன்று வைத்துப் பூட்டினேன்: நர்ஸ் சரசக்காவின் புருஷன் பெயர். கொன்றாலும் அக்கா அதை வாயால் சொல்ல மாட்டார். இதைவிடப் பத்திரம் உண்டா? அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வைத்தேன். (அவ்வளவு புத்திசாலி நான்.)

அடுத்த வாரம் குமாரபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால், கிளினிக்கில் திருவிழாக் கூட்டம். நான் வாசலிலேயே மாட்டிக்கொண்டேன்; கத்திச் சொன்ன சொல் அந்த இரைச்சலில் உள்ளே எட்டவில்லை. பெஞ்சில் ஒரு லாரி டிரைவர். காலில் ஆணி குத்திய புண், கடுங்காய்ச்சல். ஏதோ ஒரு ஊசி அவருக்கு ஆகாது. எதுவென்று அவருக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் நினைவில்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும்.

“பேரைச் சொல்லும்மா சரசு!” டாக்டர் கத்தினார்.

“அவுங்க பேரை எப்படிங்கய்யா சொல்லுவேன்?”

“எழுதியாவது குடு!”

“எழுதுனா மட்டும் அவுங்க ஆயுசு கொறையாதுங்களா?”

டிரைவர் முனகினார்: “ஏனுங்க அக்கா, எனக்கும் கொஞ்சம் ஆயுசு மிச்சம் வெய்யுங்க.”

அக்கா மனமிரங்கினார். “மலை மேல இருக்கற சாமிங்க.”

“வெங்கடாசலம்!” என்றது கூட்டம்.

“இல்லீங்க. கோவணம் கட்டுனவருங்க.”

“பழனிச்சாமி!” முப்பது பேர் ஒரே குரலில் முழங்கினார்கள்.

டாக்டர் தட்டினார். பெட்டி திறந்தது. பென்சிலின் ஆகாதாம். மேசையில் எடுத்து வைத்திருந்ததும் அதுதான். டாக்டர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்து உள்ளே வந்த என்னை ஒரு பார்வை பார்த்தார். பென்சிலினே தேவலாம் என்றிருந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பீரோ திறக்காவிட்டால் பிள்ளைகள் “பழனிச்சாமி!” என்றுதான் கத்துகிறார்கள்.

அன்று சாயங்காலம், ஊருக்கே தெரிந்துபோன சொல்லை மாற்ற உட்கார்ந்தேன். சரசக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

“கண்ணு, இந்தவாட்டி எங்க மாமியா பேரை வெய்யி. யாரு கேட்டாலும் நாலு வசவு சேத்தியே சொல்லிப்போடறேன்.”