மஞ்சள் தடவிய விவாகரத்து மனு

எனக்குக் கைராசி உண்டு என்று நான் மனப்பூர்வமாக நம்பிய காலம் ஒன்று இருந்தது. (இப்போதும் லேசாக நம்புகிறேன். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொல்வதில்லை.)

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வாத்தியாராக இருந்தேன். தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டும் பாஸ். அந்த மிதப்பில், பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால்கூட என் தகுதிக்குத்தான் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வேன். என்னிடம் படித்தவர்கள் வேலைக்கு மனுப் போடும்போது என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல நாலு மூலையிலும் குழைத்த மஞ்சளைத் தடவிக் கொடுப்பேன். அப்படிப் போனதில் மூன்று பேருக்கு வேலை கிடைத்துவிட்டது. கிடைக்காதவர்கள் நிறைய. அவர்களை நான் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. "வாத்தியார் கை மஞ்சள்" என்று பெயர் பரவி, மேஜை டிராயரில் எப்போதும் ஒரு மஞ்சள் டப்பா வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா செல்விக்கு விவாகரத்து வாங்க வேண்டி வந்தது.

விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அக்காவைக் கட்டிய மூர்த்தி மாமா லாரி டிரைவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் பழக்கம்தான் அவருக்கு இல்லை. ஒருமுறை லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குப் போனவர் பதினொரு மாதம் கழித்து ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "சாப்பாடு இருக்குதா?" என்று கேட்டார். அக்கா சாப்பாடு போட்டாள். மறுநாள் பஞ்சாயத்தைக் கூட்டினாள். கோயில் வாசலில் ஊர் கூடி, ஒரு காகிதத்தில் எழுதி, இரண்டு பேரிடமும் கைநாட்டு வாங்கி, தீர்த்துவிட்டார்கள். (இரண்டு பேருக்கும் எழுதத் தெரியும். பஞ்சாயத்தில் கைநாட்டுத்தான் செல்லும் என்று நாட்டாண்மை சொல்லிவிட்டார்.)

அத்தோடு முடிந்தது என்று இருந்தோம். அக்கா சத்துணவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கிருந்து மாதாமாதம் ஏதாவது தபால் அனுப்ப வேண்டியிருக்கும். தபால் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த சண்முகம், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர், ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து அக்காவைப் பெண் கேட்டார். அக்கா சமையலறையில் பாத்திரத்தை உருட்டும் சத்தம் அன்றைக்குத்தான் பல வருடம் கழித்து எனக்குச் சந்தோஷமாகக் கேட்டது. ஆனால் சண்முகம் ஒன்று சொன்னார்.

"நான் சர்க்கார் உத்தியோகங்க. கோர்ட்டுத் தீர்ப்பு கையில இல்லாம கட்டினா வேலைக்கே உலை வச்சிடுவாங்க. எத்தினி நாள் ஆனாலும் காத்துகினு இருக்கேன்."

பஞ்சாயத்துக் காகிதம் இருக்கிறதே என்று நான் துள்ளி எழுந்தேன். அதைத் தேடி நாட்டாண்மை வீட்டுக்கு நாலு தடவை சைக்கிள் மிதித்தேன். கடைசியில் விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் கிடைத்தது. பாதியைக் கரையான் தின்றிருந்தது. விழுப்புரத்தில் நாங்கள் போய்ப் பார்த்த வக்கீல் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுல உங்க மாமா மட்டும்தான் தம்பி மிச்சம் இருக்காரு. அக்காவக் காணோம். முழுசா இருந்தாலும் அந்தத் தபால் ஆபீசுக்கு இது பத்தாது. ரெண்டு பேரும் சம்மதிச்சு சேர்ந்து மனு போடட்டும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி வந்து ஆமான்னு சொன்னா, தீர்ப்பு."

மூர்த்தி மாமாவை லாரி ஷெட்டுகள் வழியாகச் சொல்லி அனுப்பிப் பிடித்தோம். சம்மதம் என்றார். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரே ஒரு நாள் விழுப்புரம் வழியாகப் போவதாகவும், அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு சாயங்காலம் லோடோடு கிளம்ப வேண்டும் என்றும் தகவல் வந்தது. அந்த நாள்தான் கோடை விடுமுறைக்கு முன் கோர்ட்டின் கடைசி நாள். தப்பினால் அவர் அடுத்து எந்த மாநிலத்தில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அக்கா என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் உன்ன நம்பித்தான்டா இருக்கேன்" என்றாள். இப்படி ஒரு வார்த்தையை என்னைப் போன்ற ஆளிடம் சொல்லவே கூடாது.

மனுவை நானே டைப் அடித்தேன். வக்கீல் எழுதிக் கொடுத்ததை, கெட்டிக் காகிதத்தில், ஒரு பிழை இல்லாமல், அசலும் நகலுமாக நாலு. அடித்து முடித்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. இத்தனை முக்கியமான காகிதத்தைச் சும்மா அனுப்பலாமா? டிராயரைத் திறந்தேன். நாலு மனுவுக்கும், ஒவ்வொரு மூலைக்கும், தாராளமாகத் தடவினேன். என்ன மனு என்பது அந்த நிமிடத்தில் என் மண்டையில் இல்லவே இல்லை.

கோர்ட்டு வராந்தாவில் வக்கீலின் குமாஸ்தா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, கைமாத்தி யாரு வூட்டுக் கல்யாணப் பத்திரிகையோ எடுத்துகினு வந்துட்டியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன். மூர்த்தி மாமாவோ நெகிழ்ந்து போனார். அவர் அப்போதுதான் வெற்றிலை மடித்து வாயில் போட்டிருந்தார். கட்டைவிரலில் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது.

"மச்சானுக்கு எம் மேல எவ்ளோ மரியாதை பாரு! பிரியற காயிதத்துக்குக்கூட மஞ்சா தடவியாந்துக்கிறான்" என்று மனுவின் மூலையைப் பிடித்துத் தூக்கினார். பிடித்த இடம் கண்ணெதிரே ரத்தச் சிவப்பாக மாறியது. மாமா காகிதத்தைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா! இன்னாடா இது, ரத்தமா வருது! ஆத்தா உத்தரவு குடுக்கல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வராந்தாவில் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று வந்திருந்த அத்தனை பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஒருவர், "ஆமாம்பா, குலதெய்வம் குத்தம் ஆயிடும்" என்றார். இன்னொருவர், "சின்னஞ்சிறுசுங்க, சேர்ந்து வாழுங்கம்மா" என்று அக்காவுக்கு ஆசீர்வாதமே செய்துவிட்டார்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். படித்தவன் அல்லவா?

"மாமா, இது ரத்தமும் இல்ல, ஆத்தாளும் இல்ல. மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா சிவக்கும். இப்ப பாருங்க" என்று அவர் சுண்ணாம்பு டப்பியை வாங்கி, மிச்சம் இருந்த மூன்று மூலையிலும் நானே தேய்த்துக் காட்டினேன். மூன்றும் சிவந்தன. ஒரு நகலையும் எடுத்து நாலு மூலையும் தேய்த்தேன். கூட்டம் "ஹா" என்றது. அறிவியல் வென்றுவிட்டது என்று நிமிர்ந்து பார்த்தால், மாமா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியா மச்சான், நீ தொட்டாலும் சிவக்குது! வோணாம், வுட்டுடு" என்று படியிறங்கி லாரியைப் பார்த்து நடந்தார்.

குமாஸ்தா தன் பங்குக்கு, "இந்தக் காயிதத்த உள்ள எவனும் வாங்கவும் மாட்டான். மூணு மணிக்குள்ள வேற அடிச்சாந்தாதான்" என்றார். அக்காவின் வாழ்க்கையை ஒரு டப்பா மஞ்சளில் கரைத்துவிட்டேன் என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது.

அக்கா கீழே கிடந்த மனுவை எடுத்துக்கொண்டு மாமாவின் பின்னாலேயே படியிறங்கினாள்.

"நில்லுங்க. நம்ம கண்ணாலத்தன்னிக்கு வாசல்ல நிக்க வச்சு இன்னா சுத்தினாங்க?"

மாமா திரும்பினார். "ஆரத்தி."

"அதுல இன்னா கலக்குவாங்க?"

"மஞ்சா... சுண்ணாம்பு."

"இன்னாத்துக்குச் சுத்துவாங்க?"

"திருஷ்டி கழியத்தான்."

"அதான் இது. நம்மள சேர்த்து வைக்கறப்ப சுத்தினாங்க. பிரியறப்ப சுத்த ஆள் இல்ல. ஆத்தாளே அனுப்பிச்சிருக்கா."

சொன்னவள், அந்தச் சிவப்பு மூலை மனுவை இரண்டு கையாலும் பிடித்து, கோர்ட்டு வாசலில், அத்தனை பேர் நடுவில், அவர் முகத்துக்கு நேராக மூன்று சுற்றுச் சுற்றினாள். "எங்க போனாலும் நல்லா இருங்க. வேளைக்குச் சாப்புடுங்க" என்றாள். மாமாவின் கண் கலங்கிவிட்டது. "நீயும் நல்லா இரு, செல்வி. நான் உன்ன ரொம்பப் பேஜாரு பண்ணிட்டேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மனசுவிட்டுப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னா பாத்துகினு நிக்கிற? ஜல்தியா வேற அடி. லோடு நிக்குது."

கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு அம்மா மெஷின் வைத்து டைப் அடித்துக்கொடுப்பார். நான் ஹையர் பாஸ், நானே அடிக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லி உட்கார்ந்தேன். அவசரத்தில் முதல் தாளில் அக்கா பெயர் வரவேண்டிய இடத்தில் என் பெயரை அடித்துவிட்டேன். அதாவது, மூர்த்தி மாமாவிடமிருந்து நான் விவாகரத்து கேட்டிருந்தேன். இரண்டாவது தாளில் கார்பனைத் திருப்பி வைத்தேன். அந்த அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "எழுந்திரு தம்பி" என்றார். மழை கொட்டுவதுபோல அடித்துத் தள்ளினார்.

"எந்த இன்ஸ்டிடியூட்லம்மா கத்துக்கிட்டீங்க?"

"எங்க கத்துகினேன்? எங்க வூட்டுக்காரர் அடிக்கறதப் பாத்துகினு இருந்தேன்."

மூன்று மணிக்கு முன்னால் மனு உள்ளே போய்விட்டது. என் கையை மட்டும் அக்கா தன் கைக்குள் பிடித்து வைத்திருந்தாள். (பாசத்தால் என்று அப்போது நினைத்தேன். வேறு எதையும் தொட்டுவிடாமல் இருப்பதற்காம்.)

ஆறு மாதம் கழித்து மூர்த்தி மாமா வருவாரா என்று நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார். வாழ்க்கையில் அவர் நேரத்துக்கு வந்தது அந்த விவாகரத்துக்குத்தான். தீர்ப்பு நகல் கைக்கு வந்த அன்று சண்முகம் அதை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு, மடித்து, முதல்முறையாக எங்கள் வீட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்த தையில் திருவாமாத்தூர் கோயிலில் கல்யாணம். பத்திரிகை அடித்து வந்ததும் நான் ஆசையாக மஞ்சள் கிண்ணத்தை எடுத்தேன். அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

"நீ தடவினா எது சேரும் எது பிரியும்னே தெரியாது. நகரு!"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த முக்கியமான காகிதம் வந்தாலும், முதலில் என்னை வெளியே ஏதாவது வாங்கிவர அனுப்பிவிடுவார்கள். போன மாதம் அக்காவின் மகள் ஒரு நல்ல வேலைக்கு மனு எழுதி எடுத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் என்னிடம் வந்தாள்.

"மாமா, மஞ்சள் தடவித் தர்றீங்களா?"

வீடே சிரித்தது. நான் முறைத்தேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சிரிக்காதீங்க. அவன் மஞ்சா தடவின காயிதத்துலதான்டி எனக்கு நல்ல காலமே பொறந்துச்சு. நீ தடவுடா தம்பி." பிறகு மகளிடம் சொன்னாள்: "அந்த வெத்தலப் பெட்டிய மட்டும் எடுத்து உள்ள வையி."