மச்சான் முதுகிலிருந்து தொலைநோக்கி மீட்ட படலம்

வாழ்க டெல்மர்! ஐடஹோ மலைநாட்டின் அணிவிளக்கே, பள்ளிப் பிள்ளைகளைச் சுமந்து செல்லும் மஞ்சள்தேர்ச் சாரதியே, லவோன் நங்கையின் கைப்பிடித்த காளையே, பனிக்கும் அஞ்சாய், பாதாளப் பள்ளத்துக்கும் அஞ்சாய், மனைவியின் அண்ணனுக்கு மட்டும் சற்றே அஞ்சுவாய், நீடு வாழி! உன் பெரும்போரைப் பாடப் புகுந்தேன். கடைவீதிகளைக் காக்கும் தேவியே, என் நாவில் வந்தமர்ந்து, கேட்போருக்குப் பொறுமையையும் தந்தருள்க. ஏனெனில் இது ஒருவன் பை வாங்கிய கதை.

டெல்மரிடம் ஒற்றைக்கண் தொலைநோக்கி ஒன்று இருந்தது. எதிர்மலையில் நிற்கும் கலைமானின் கொம்பில் எத்தனை கிளை என்று சொல்லிவிடும் பேராற்றல் படைத்தது. ஆனால் கைக்குழந்தையளவு பருத்த அந்தத் திருமேனி அவனது பழைய முதுகுப்பைக்குள் நுழைய மறுத்ததால், ஆண்டுதோறும் மச்சான் ராய்ஸின் அகன்ற பையிலேயே அது பவனி வந்தது. வந்தால் என்ன என்பீர்கள். மானை முதலில் கண்டவனுக்கே முதல் வேட்டு என்பது அந்நாட்டு வேடர்குல நெறி. பையைத் திறப்பவன் ராய்ஸ், ஆகவே முதலில் கண்வைப்பவனும் ராய்ஸ், முதலில் சுடுபவனும் ராய்ஸ். டெல்மரின் கண்ணாடியால் ராய்ஸ் வீட்டுச் சுவரெல்லாம் கொம்பு முளைத்தது. டெல்மர் வீட்டுச் சுவரிலோ நாட்காட்டி தொங்கியது. “மாப்ள, ஒன் கண்ணாடி எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குய்யா!” என்று ராய்ஸ் முதுகில் தட்டும்போதெல்லாம் டெல்மர் சிரித்துவைப்பான். உள்ளே பற்றி எரியும்.

வேட்டைப் பருவம் பிறப்பதற்கு முதல்நாள், உணவு மேசையினின்று சிங்கமென எழுந்து டெல்மர் சூளுரைத்தான்: “இந்த வருஷம் என் கண்ணாடி என் முதுகுல! மொத மான் எனக்கு! ஒங்க அண்ணன் என்கிட்ட வந்து கையேந்தணும்!”

“மொதல்ல தட்ட எடுத்துக் கழுவுங்க,” என்றாள் லவோன்.

கழுவிவிட்டே, லவோனையும் உடனழைத்துப் புறப்பட்டான். வேட்டைக்கடையின் பின்சுவரில் படைவரிசையாய்த் தொங்கிய பைகளை நோக்கி, தொலைநோக்கியைக் கதாயுதம்போல் தோளில் சாய்த்து அவன் நடந்தபோது, மீன்தூண்டில் பகுதியில் நின்றோர் தாமாக வழிவிட்டனர். கருநிறப் பை ஒன்று எதிர்ப்பட்டது. அதற்குள் இட்ட தொலைநோக்கி, சந்தைக்குப் போகும் கோழிபோல் தலையை வெளியே நீட்டிக்கொண்டது. பசும்பை ஒன்று அதை அடிவயிறு வரை விழுங்கிக்கொண்டது. மீட்பதற்கு, சோதிக்கவென்று மேலே அடைத்த சட்டையையும் கயிற்றையும் காப்பிக் குடுவையையும் கடைத்தரையில் பரப்ப வேண்டியிருந்தது, அதற்குள் எந்த மானும் பக்கத்து மாநிலத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். மனந்தளராத மாவீரன் காலணி அடுக்குகளுக்கிடையே குப்புறப் படுத்தான், தவழ்ந்தான், உருண்டான், முதுகுப்பை கழற்றாமல் கண்ணாடியை உருவ முயன்று தன் காதையே உருவிக்கொண்டான்.

“அண்ணே, கடை சாத்தணும்ணே,” என்றாள் விற்பனைப்பெண் கெண்ட்ரா, அவன் தலைக்கு மேலே நின்றபடி.

“என்னக் கட்டிக்கச் சரின்னு சொல்ல இந்த மனுஷனுக்கு ஒரு நிமிஷங்கூட ஆகல,” என்றாள் லவோன் அவளிடம். “ஒரு பைக்கு எவ்ளோ நேரம் பாரு.”

அப்போதுதான் மூலையில் மண்ணிறப் பையொன்று தென்பட்டது. அதன் விலாவில் நீண்டதோர் அறை, அறைக்கு ஒரு ஜிப், ஜிப்புக்குச் சிவந்த நாடா. தொலைநோக்கி உள்ளே புகுந்தது, உறைக்குள் வாள் புகுந்தாற்போல். நாடாவை இழுத்தான், வெளியே வந்தது. மீண்டும் இட்டான்; மீண்டும் வந்தது. டெல்மரின் கண்கள் கலங்கின. லவோன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் பொழுது புலர்ந்தது. உறைபனி நொறுங்க மலைமுகடேறிய இருவரில் பின்னே வந்தவன், பெருமூச்செறிந்த ராய்ஸ். பள்ளத்தாக்குக்கு அப்பால், புதரோரம், பழுப்பாய் ஏதோ அசைந்தது. வழக்கம்போல் ராய்ஸின் கை தன் பைக்குப் போயிற்று. அங்கே கண்ணாடி இல்லை. டெல்மரோ பை கழற்றாது, உடல் திருப்பாது, இடக்கையால் நாடாவை இழுத்து, கதிரவனொளியில் தொலைநோக்கியை உயர்த்தினான்.

“உக்காருங்க மச்சான்! மான் எங்கன்னு இனிமே நான் சொல்றேன்!”

“அடேங்கப்பா! சொல்லு மாப்ள, சொல்லு,” என்று பாறைமேல் அமர்ந்து ராய்ஸ் ரொட்டியைப் பிரித்தான்.

டெல்மர் கண்வைத்தான். அந்தோ! மூச்சு விட்டால் மலை துள்ளிற்று, மூச்சடக்கினால் இதயம் துடித்து வானம் ஆடிற்று, மான் இரண்டாயிற்று, நான்காயிற்று, புதராயிற்று. முழங்காலில் ஊன்றினான், கால் நடுங்கிற்று. புதுப்பையின்மேல் சாய்த்தான், பை சரிந்தது. மூவுலகும் நடுங்க, முகடெங்கும் அவன் பெருமூச்சு எதிரொலிக்க, கடைசியில் மெல்லத் திரும்பி மச்சானைப் பார்த்தான்.

தொலைநோக்கியை ஆடாமல் தாங்கும் முக்காலி ராய்ஸின் பையில் இருந்தது.