பதினேழாம் நம்பர் வீட்டுத் தண்ணீர்

பதினேழாம் நம்பர் வீட்டில் யாரும் குளிப்பதில்லை, சமைப்பதில்லை, ஒரு கோப்பைகூடக் கழுவுவதில்லை. வீடு கொடுத்து எத்தனையோ மாதமாகியும் தண்ணீர் மீற்றர் பூச்சியத்தைவிட்டு அசையவில்லை.

"ஆக்கள் இல்லாத வீடு மிஸ்," என்றான் சுலக்ஷன்.

வசதியற்றவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் நிறுவனத்தின் மட்டக்களப்புக் கந்தோரில் அவன் தரவு ஆய்வாளன். அவனுடைய திரையில் பெயர்கள் வராது. வீட்டு இலக்கமும் மீற்றர் கணக்கும்தான் வரும்.

"குடியிருக்காட்டி வீட்டத் திருப்பி எடுப்பம் எண்டு மெசேஜ் அனுப்புங்க," என்றார் மேலாளர் ஜூலி.

அனுப்பி முடிக்க, அவனுடைய அக்கா போனில் கோல் எடுத்தாள். வாவிக்கு அந்தப் பக்கத்தில் அவனுக்குப் பேசிய சம்பந்தம் சரிவந்துவிட்டதாம். பெண்ணுக்கு வீடும் இருக்கிறதாம்.

"ஆரும் குடியிருக்காத வீடோ அக்கா? பழசுக்குப் பெயின்ற் அடிச்சுத் தலையில கட்டிருவாங்க. ஆக்கள் இருந்த வீடெண்டா எனக்கு வேணாம். சொல்லிப்போடு!"

அக்கா வீட்டு ஹோலில், மருமக்களின் கால்கள் முகத்தில் விழ உறங்குகிறவனுக்கு இது கொஞ்சம் கூடுதலான மிடுக்குத்தான். ஆனாலும் பெண்ணின் படம் வந்த நாளிலிருந்து அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. பதிலுக்குத் தன் படத்தை அனுப்பாமல், முடிவெட்டிய பிறகு எடுக்கலாமென்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் பதினேழாம் நம்பர் மீற்றர் தலைதெறிக்க ஓடியிருந்தது. குழாய் உடைந்துவிட்டதென்று பதறி, சுலக்ஷன் ஆள் அனுப்பினான்.

போனவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். "குழாய் நல்லாத்தான் இருக்கு சேர். ஆக்கள் இருக்கிறதாக் காட்ட, ராப்பகலா வாழைக்குத் துறந்து விட்டிருக்காங்க."

சுலக்ஷனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தன் கணக்குக்கே தண்ணீர் காட்டுவதா? 'தண்ணீர் போதாது. ஆட்கள் இருக்க வேண்டும். நேரில் வந்து பார்ப்போம்' என்று இன்னொரு மெசேஜைத் தட்டிவிட்டான்.

சொன்னபடியே சாரதி றிஸ்லானுடன் வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் போய் இறங்கினான்.

வீட்டில் கால் வைக்க இடமில்லை. ஹோலில் ஆடு. அறைக்குள் கோழியும் குஞ்சுகளும். வெள்ளைச் சுவரெல்லாம் அடுப்புப் புகை; அதன்மேல் பிள்ளைகள் கரியால் யானை கீறியிருந்தார்கள். மூலையில் ஒரு மாமி ஊருக்கே இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஒழுங்கையில உள்ள வீட்டுச் சனமெல்லாம் இஞ்சதான் இருக்கு சேர்," என்றான் றிஸ்லான்.

சுலக்ஷன் ஆட்களை எண்ணிக் கையிலிருந்த ரெப்லெற்றில் போட்டான். திரை சிவந்தது: 'அளவுக்கு மிஞ்சிய ஆட்கள். வாடகைக்கு விடப்பட்ட வீடு. திருப்பி எடுக்கவும்.' அந்த விதியை எழுதியவனும் அவன்தான்.

"வீட்ட எடுக்கத்தான் வேணும் அம்மா," என்றான்.

வீட்டுக்கார அன்னப்பூரணி தலையில் கை வைத்தாள். "ஆளில்லாட்டியும் எடுப்பீங்க, ஆளிருந்தாலும் எடுப்பீங்களா? மகள்ர கலியாணத்துக்கெண்டு பூட்டி வச்ச வீடு, மகனே. நான் பின்னால கொட்டில்லதான் கிடக்கிறன். வீடில்லாம எங்கட பக்கத்தில பொம்புளப் பிள்ளையக் கரைசேர்க்கலாமா?"

சுலக்ஷனுக்கு மனம் இளகிவிட்டது. பாவம், அந்தப் பெண் யாரோ.

"அழாதீங்க அம்மா. கலியாணத்த முடிச்சு, மகளையும் மருமகனையும் கெதியாக் குடியேத்துங்க. மறுகா இந்த வீட்ட ஆரும் எடுக்கேலாது. நான் பொறுப்பு."

அன்னப்பூரணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இடியப்ப மாமிதான், பிழிகிற உரலை விட்டுக் கை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"என்னெண்டு குடியேத்திற? ஆரும் இருக்காத வீடுதான் வேணுமெண்டு ஒத்தக்கால்ல நிக்கிறாராம், டவுண்ல கொம்பியூட்டர் பாக்கிற அந்தச் சுலக்ஷன் மாப்பிள்ளை!"