பொடி எழுத்து படிப்பவர்கள்

"இதுல என்ன போட்டிருக்கு, படி," என்று அக்கா ஷாம்பு பாட்டிலை என்னிடம் நீட்டினாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். பாட்டிலின் முதுகில் இருந்த பொடி எழுத்து அவளுக்கு வராத மொழியில் இருந்தது. எனக்கு இரண்டு மொழியும் வரும் என்பதால் அந்த வீட்டில் என் உத்தியோகமே அதுதான்.

படித்தேன். நான்காவது பெயரிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வாயில நுழையாதது வயித்துக்குள்ள போகக் கூடாது."

"தலைக்குத்தானே போடறது?"

"தலை எங்க இருக்கு? வயித்துக்கு மேலதானே. இறங்கி வந்துடும்."

பாட்டில் குப்பைக்கூடைக்குப் போயிற்று. அடுத்து ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். கீழ்வீட்டுக்காரர் சிகரெட் பற்றவைக்கும் நேரம் அது. புகை குழந்தைக்கு ஆகாது. பிறகு அலமாரியிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து, தாளில் ஒரு சிட்டிகை தூவி, சுருட்டி, தானே பற்றவைத்துக்கொண்டாள்.

"அக்கா, அது கஞ்சா."

"இலைடி."

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"போதைக்கா பிடிக்கறேன்? இதைப் பிடிச்சா வாந்தி நிக்குது. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரி குடுத்தா. அவ பிடிச்சுப் பெத்த பையன் இப்ப கிளாஸ்லயே ஃபர்ஸ்ட்டு." டப்பாவைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "இதுல எங்கயாவது ஒரு எழுத்து இருக்கா, நீயே பாரு."

இல்லைதான். எல்லாப் பக்கமும் வழுவழுவென்று இருந்தது.

வாசகரே, எச்சரிக்கைப் பேர்வழிகள் என்ற இனம் இதுதான். அடையாளம் காண்பது சுலபம். கடையில் வழியை அடைத்துக்கொண்டு பிஸ்கட் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருப்பவர், காபியை விட்டவர், காபி குடிப்பவர் பக்கத்தில் உட்காருவதையும் விட்டவர், தொட்டில் அறைக்குப் பெயின்ட் அடிக்க வந்த ஆளை வாசலோடு திருப்பி அனுப்பியவர், கணவரின் ஷேவிங் க்ரீமைப் பறிமுதல் செய்து அவரை மூன்று மாதமாகத் தாடியோடு வேலைக்கு அனுப்புகிறவர், இத்தனை ஜாக்கிரதையின் களைப்பு தீர ஒன்றே ஒன்று பிடிக்கிறவர். நாளைக்கு மூன்று முறை, ஒன்றே ஒன்று.

முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. ஆபத்தான பொருள் என்றால் அட்டையில் எழுதியிருப்பார்கள். டப்பாவிலோ எழுத்தே இல்லை. ஆகவே?

பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார். "சிகரெட், மது, கஞ்சா, ஏதாவது பழக்கம் உண்டாம்மா?"

"நான் காபியையே விட்டுட்டேன் சிஸ்டர்."

நர்ஸின் முகம் மலர்ந்தது. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். அக்கா சொன்னது பொய்யா? ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த நானும் பொய் சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை.

ஏழாம் மாத ஸ்கேனில், குழந்தை இருக்க வேண்டிய அளவுக்கு வளரவில்லை என்று தெரிந்தது. அக்கா தனக்குத் தெரிந்த குற்றவாளிகளையெல்லாம் வரிசையாகக் காட்டிக்கொடுத்தாள். கீழ்வீட்டுச் சிகரெட், எதிர்வீட்டுக் கதவின் பெயின்ட், ஐந்தாம் மாதம் வரை தெரியாமல் தேய்த்துவிட்ட ஷாம்பு. டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டப்பா," என்றேன். இரண்டு மொழி படித்தவளிடமிருந்து இரண்டு மாதத் தாமதத்தில் வந்த ஒரே உருப்படியான சொல்.

டப்பாவில் என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் டாக்டர் திட்டவில்லை. "நீங்க இழுக்கறது ரத்தத்துல கலந்து குழந்தைக்கும் போகும்மா. எடை குறையலாம், முன்னாடியே பொறக்கலாம். உங்க குழந்தைக்கு இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இவ்வளவு பிடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னும் யாராலயும் சொல்ல முடியாது. இன்னையோட விட்டுடுங்க." வாந்திக்கு வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்த தாள் ஒன்று இருந்தது. விரித்தால் மேஜையை மறைத்தது. இரண்டு பக்கமும் பொடி எழுத்து. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் உள்ளே போனாள்.

"இதுல இவ்வளவு எழுதியிருக்கே டாக்டர்."

"எழுதினவங்க அதுக்குப் பொறுப்பேத்துக்கிட்டாங்கம்மா. உங்க டப்பாவுக்கு யார் பொறுப்பு?"

விட்டாள். சும்மா சொல்லக் கூடாது, ஷாம்புவை விட்ட அதே வேகத்தில் விட்டாள். ஆனாலும் குழந்தை மூன்று வாரம் முந்திக்கொண்டு பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு நாள் கிடந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை அக்கா தானே படித்தாள். ஒரு கிலோ எண்ணூறு. எண்ணைப் படிக்க நான் தேவைப்படவில்லை.

வாசகரே, இதுவரை சிரித்தீர்கள். இப்போது உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஊரில் உள்ளதையெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் படித்துவிட்டு, பிடித்துப்போன ஒன்றை மட்டும் படிக்காமல் வைத்திருப்பீர்கள். அப்படி எதுவும் இல்லையா? அப்படியானால் பக்கத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் நீங்கள்தான். அது இந்த இனத்தின் உட்பிரிவு. ஆள் பலம் அதில்தான் அதிகம்.

குழந்தை வீடு வந்து தெருவுக்கே கேட்கும்படி அழத் தொடங்கிய அன்று, அக்கா டப்பாவைக் கழுவித் துடைத்து, ஒரு பேனாவோடு என் முன்னால் வைத்தாள்.

"இதைத் திருப்பிக் குடுக்கணும். பக்கத்து சீட்டுக்காரிக்கு இப்ப மறுபடி மூணு மாசமாம். வாங்கின உடனே நிரப்பிடுவா."

"நீயே சொல்லிடேன்."

"சொன்னா கேப்பாளா? நீ சொல்லி நான் கேட்டேனா? ஒரு அட்டை எழுதி ஒட்டிக் குடு. ரெண்டு மொழியிலயும் எழுது." பேனாவை என் பக்கம் தள்ளினாள். "பொடி எழுத்தா எழுதுடி. பெருசா எழுதினா நம்ப மாட்டா."